முகத்தில் நின்ற பருத் தழும்புகள்

சென்ற திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, ஒரு தாய் எழுதியது. எட்டுப் பக்கம். மகளுக்கு வயது 23, வரன் முடிவாகிவிட்டது, உயிர்ப்புப் பெருவிழா கழிந்த மூன்றாம் வாரத்தில் மணநாள் குறித்தாயிற்று. பதினைந்து வயதில் தொடங்கிய முகப்பரு பெரும்பாலும் அடங்கி, இரு கன்னங்களிலும் கருமையும் குழிகளும் எஞ்சி நிற்கின்றன. நகரிலுள்ள அழகு நிலையம் ஒன்றில், ஆறு முறை லேசர் செய்தால் ஒரு தழும்பும் இல்லாமல் துடைத்துவிடலாம் என்று கூறி, முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கின்றார்களாம். "மணநாளுக்கு இன்னும் பத்து வாரமே உள்ளது. என் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்துவிடலாமா?" என்பது அத்தாயின் கேள்வி. "கோவிலுக்குப் போனாலும் முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசியில் தூணோரமாகவே நிற்கிறாள்" என்றும் எழுதியுள்ளார்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். சகோதரி, சங்கிலியைக் கழற்ற வேண்டாம். பருத் தழும்புக்கு வைத்தியம் இல்லை என்பதனால் அன்று. நல்ல வைத்தியங்கள் உண்டு. ஆனால், எந்தத் தழும்பு எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறியாமல், மணநாளுக்குப் பத்து வாரம் இருக்கும்போது, ஒரே இயந்திரத்திடம் முகத்தை ஒப்படைப்பது, இருப்பதையும் கெடுத்துக்கொள்ளும் வழியாக முடியலாம். இந்த அவசரத்தில் முகம் கருத்துப்போன பெண்கள் பலர். அதனால்தான் இத்திங்கள் இப்பகுதி முழுவதையும் இக்கடிதத்திற்கே ஒதுக்கினோம்.

பரு எவ்வாறு தழும்பாகிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். தோலில் ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பருவ வயதில் அச்சுரப்பி மிகுதியாகச் சுரக்கும், வாய் அடைபடும், உள்ளே கிருமி பெருகும், உடல் அதனை எதிர்த்துப் போராடும்போது சிவந்து வீங்கிச் சீழ் பிடிக்கும். இப்போராட்டம் தோலின் மேற்பரப்போடு நின்றால் நிறம் மட்டுமே மாறும். உள்ளடுக்கு வரை இறங்கினால், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் நார்ப்பொருள் அழிந்து பள்ளம் விழும். சிலருக்கு அந்நார் அளவுக்கு மீறி வளர்ந்து மேடு கட்டும். ஆகவே நிறமாற்றம், பள்ளம், மேடு என மூன்றும் மூன்று வேறு பொருள்கள். ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றொன்றுக்கு உதவாது. நாம் மூன்றையும் "தழும்பு" என்ற ஒரே சொல்லால் அழைப்பதே பாதிக் குழப்பத்திற்குக் காரணம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காலை வேளையில் சன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, ஒருபுறமிருந்து வெளிச்சம் படும்படி கண்ணாடியில் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கன்னத்தைத் தடவ வேண்டும். கண்ணுக்குக் கருமையாகத் தெரிந்து, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லையானால் அது தழும்பே அன்று, கறை. பருவின் அழற்சி விட்டுச்சென்ற நிறம். நம்மவரின் மாநிறத் தோலில் இக்கறை வெள்ளையரைக் காட்டிலும் அழுத்தமாகப் படியும். ஆனால், புதுப் பரு வராமலும் வெயில் படாமலும் காத்துவந்தால், பெரும்பாலும் சில மாதங்களில், சிலருக்கு ஓராண்டு அல்லது அதற்குச் சற்று மேலும் சென்று, தானே மங்கும். பணம் கொடுத்து லேசர் செய்துகொள்ளும் பலர், தானே போகவிருந்த கறைக்காகவே செலவிடுகின்றனர் என்பது நமது எண்ணம்.

விரலுக்குப் பள்ளம் தட்டுப்பட்டால், அடுத்ததாகத் தோலை இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது பள்ளம் மறைந்தால் அது அலைபோன்ற தழும்பு. தோலை அடியிலுள்ள நார்கள் கீழ்நோக்கி இழுத்துக் கட்டியிருப்பதால் விளைவது. இழுத்தும் மறையாமல் ஊசி குத்தியதுபோல் ஆழமாகவும் குறுகலாகவும் நிற்பது மற்றொரு வகை. அம்மைத் தழும்புபோல் ஓரம் செங்குத்தாய், அடி தட்டையாய் இருப்பது மூன்றாவது. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் வகுத்துத் தந்த இம்மூன்று பிரிவுகளையே இன்றும் உலகெங்கும் தோல்நோய் மருத்துவர்கள் கையாளுகின்றனர். ஒரே கன்னத்தில் மூன்றும் கலந்திருப்பதும் உண்டு. எனவேதான் "ஆறு முறை ஒரே லேசர்" என்ற பேச்சைக் கேட்டவுடன் நமக்கு ஐயம் எழுந்தது.

அலைத் தழும்புக்கு, தோலுக்கு அடியில் ஓர் ஊசியைச் செலுத்தி, கீழிழுக்கும் நார்களை அறுத்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் ஓரன்ட்ரைக் என்ற தந்தையும் மகனுமாகிய இரு மருத்துவர்கள் 1995-இல் இம்முறையை எழுதி வெளியிட்டனர். (தலைமுடி நடும் முறைக்கு வழிகாட்டியவரும் அத்தந்தையே.) பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை, மரத்துப்போக ஊசி போட்டுச் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் கன்னம் கன்றிச் சிவந்து, நீலம் பாரித்து, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை அவ்வாறே இருக்கும்.

ஊசிமுனைக் குழிகளுக்கு, டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தை மிக்க செறிவுடன் எடுத்து, கூரிய குச்சியின் நுனியால் ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு துளி வைக்கின்றனர். முகம் முழுவதும் பூசுவதன்று; குழிக்குள் மட்டும். அவ்விடம் வெண்மையாகிப் பின் பொருக்குத் தட்டி உதிரும். அடியிலிருந்து புதுத் திசு வளர்ந்து குழி மேலெழும். கொரிய மருத்துவர்கள் 2002-இல் வெளியிட்ட முறை இது. அவர்கள் நிறமும் வெள்ளையர் நிறம் அன்று என்பதனால், நமக்கும் ஓரளவு பொருந்தி வருகிறது. செலவும் குறைவு. ஆனால் கை நடுங்கினால் குழி அகன்றுவிடும். தேர்ந்த மருத்துவரே செய்ய வேண்டும். அமிலத்தைக் கடையில் வாங்கி வீட்டில் வைத்துப் பார்த்தவர்களின் முகம், பிறகு அமிலத் தழும்புக்கும் வைத்தியம் தேட நேர்கிறது.

நுண்ணூசி முறை இப்போது மிகவும் பேசப்படுகிறது. அதன் பிறப்பு சுவையானது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஒரு மருத்துவர், தழும்புகளின் நிறத்தை மறைக்க அவற்றின்மேல் தோல்நிறத்தில் பச்சை குத்தி வந்தார். காலம் சென்று பார்த்தபோது, வண்ணம் மங்கியிருந்தும் தழும்புகள் மேம்பட்டிருந்தன. அப்படியானால் வேலை செய்தது வண்ணமன்று, ஊசியே என்று கண்டு, வண்ணமின்றி ஊசியால் மட்டும் குத்திப் பார்த்து, 1997-இல் அதனை வெளியிட்டார். நுண்ணிய காயங்களை ஆற்றும் முயற்சியில் தோல் புதிய கொலாஜனை உண்டாக்குகிறது என்பதே இதன் கருத்து. இன்று அதற்கெனக் கருவிகள் உண்டு. நான்கு முதல் ஆறு வாரத்திற்கு ஒருமுறையாகப் பலமுறை செய்ய வேண்டும். தோலின் மேற்பரப்பு பெரிதும் கெடாமல் இருப்பதால், கருத்துப்போகும் அச்சம் லேசரைவிடக் குறைவு. நம் நிறத்தவர்க்கு இதனை முதலில் எண்ணிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. வீட்டில் உருட்டிக்கொள்ளும் முள்ளுருளைகளை மட்டும் வாங்காதீர்கள். ஒருவர் உருட்டியதை அக்காள் தங்கை எல்லாரும் எடுத்து உருட்டுவது இரத்தத்தின் வழியாக நோய் பரப்பும் செயல்.

இனி லேசர். லேசரை நாம் பழிக்கவில்லை. தோல் முழுவதையும் சுட்டுரிக்காமல், புள்ளி புள்ளியாக மட்டும் துளைத்து, இடையில் நல்ல தோலை விட்டுவைக்கும் முறை 2004-இல் அமெரிக்காவில் வெளியானது முதல் அதன் பாதுகாப்பு மிகவும் கூடியிருக்கிறது. தட்டையான அம்மைத்தழும்பு போன்றவற்றுக்கு அதனால் நல்ல பயன் கிடைப்பதுண்டு. ஆயினும் கருமை கூடிய தோலில் சூடு அதிகமானால், பள்ளம் சற்று நிரம்பியபோதே கன்னம் முழுவதும் கரும்படலம் படிவதுண்டு. அது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். எவ்வளவு சூடு, எத்தனை புள்ளி என்பதை ஒவ்வொரு தோலுக்கும் பார்த்து அமைக்கக் கற்றவர் கையில் இருந்தால்தான் அது மருந்து. "கருவியை இயக்குபவர் தோல்நோய் மருத்துவத்தில் பட்டம் பெற்றவரா? என் நிறமுடையவர்களுக்குச் செய்திருக்கிறீர்களா? முதலில் காதோரம் சிறு இடத்தில் செய்து காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேள்வியைக் கண்டு முகம் சுளிக்கும் இடத்தில் பணத்தைக் கட்டாதீர்கள்.

மேடான தழும்பு, பெரும்பாலும் தாடையோரத்திலும் தோளிலும் மார்பிலும் வருவது, முற்றிலும் வேறு. அதற்குள் மருந்தை ஊசியால் சில வார இடைவெளியில் செலுத்திச் சிறிது சிறிதாகத் தட்டையாக்குவர். காது குத்திய இடத்தில் கொட்டைபோல் தடித்துப்போன பழக்கம் குடும்பத்தில் இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு முன்பும் அதனை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அத்தகையோர்க்குப் புதிய காயமே புதிய மேடாகலாம்.

எம்முறையாயினும், புதிய கொலாஜன் வளர்வதற்குக் காலம் வேண்டும். இறுதிப் பயனை மதிப்பிட, சிகிச்சைக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். பள்ளம் பாதியளவு ஆழம் குறைந்தாலே மருத்துவர்கள் அதனை நல்ல பயன் என்று கொள்வர். "ஒரு தழும்பும் இல்லாமல்" என்று எந்த நேர்மையான மருத்துவரும் சொல்லமாட்டார். பத்து வாரத்தில் என்று நிச்சயம் சொல்லமாட்டார்.

இப்போது அக்கடிதத்தில் போகிற போக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு வரிக்கு வருகிறோம். அத்தாய் அதனைப் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. நமக்கோ கடிதம் முழுவதிலும் அதுவே உறுத்தியது. "நான்கு வருடமாக மருந்துக் கடையில் கொடுத்த ஒரு களிம்பைப் போட்டு வருகிறாள். போட்டால் முகம் பளிச்சென்று இருக்கிறது. இரண்டு நாள் விட்டால் சிவந்து பரு கொட்டிவிடுகிறது."

இக்களிம்பின் குழாயை எடுத்து அதன்மேல் பொடி எழுத்தில் உள்ள பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்பனவற்றுள் ஒன்று இருந்தால், அது ஸ்டீராய்டு. படை, கரப்பான் முதலிய நோய்களுக்கு மருத்துவர் அளவிட்டுத் தரும்போது அது நல்ல மருந்தே. முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால், முதலில் நிறம் வெளுத்துக் காட்டும். அதனால் ஆசை கூடும். பின்னர்த் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், வெயிலில் எரியும், பெண் முகத்தில் மயிர் வளரும், பருவைத் தீர்க்கப் பூசிய களிம்பே பருவை உண்டாக்கும். 2011-இல் இந்தியத் தோல்நோய் இதழில் வெளியான ஆய்வொன்றில், நாட்டின் பல மருத்துவமனைகளில் முகத் தோல் கோளாறுடன் வந்த 2926 பேரில் 433 பேர் இத்தகைய களிம்பை முகத்தில் பூசி வந்தவர்களாகக் காணப்பட்டனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவர் அல்லாதார் சொல்லக் கேட்டுப் பூசியவர்கள். 2018-இல் இந்திய அரசு இவற்றுள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என விதித்தது. விதி இருக்கிறது, களிம்பும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இதனை ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் நாம் சொல்லவில்லை. நிறுத்தும்போது முகம் முன்னிலும் சிவந்து, எரிந்து, பரு பொங்கும். அதற்கு அஞ்சியே பலர் மீண்டும் அக்குழாயைத் தேடுகின்றனர். தோல்நோய் மருத்துவரின் மேற்பார்வையில், இதமான மருந்துகளின் துணையோடு விட்டுவிட வேண்டும். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பொறுமை வேண்டும். இவ்வாறு மெலிந்துபோன தோலின்மேல் லேசர் சூட்டைச் செலுத்துவது எத்தகைய செயல் என்பதை வாசகர்களே எண்ணிப் பாருங்கள். அழகு நிலையத்தில், மகள் என்ன களிம்பு பூசுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.

புதுப் பரு இன்னும் வருகிறதென்றால், தழும்பைத் தொடுவதற்கு முன் அதனை அடக்க வேண்டும். ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார் உண்டா? பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் ஆகியன நன்கு ஆராயப்பட்ட பூச்சு மருந்துகள். முதல் சில வாரங்கள் தோல் வறண்டு உரியும். பலன் தெரிய எட்டு வாரமாவது ஆகும். (பெராக்சைடு பட்ட துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும், பழையதைப் பயன்படுத்துங்கள்.) இவ்விரண்டையும் சேர்த்து ஒரு பாதி முகத்திலும், மருந்தில்லாப் பூச்சை மறுபாதியிலும் ஆறு மாதம் பூசிச் செய்த ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. மருந்திட்ட பாதியில் பள்ளத் தழும்புகள் குறைந்தன, மறுபாதியில் கூடின. பருவை அடக்குவதே தழும்பைத் தடுப்பது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கடுமையான பருவுக்கு ஐசோட்ரெடினாயின் என்ற மாத்திரை உண்டு. அமெரிக்காவில் 1982 முதல் வழங்கப்பட்டு வருவது, வலிமை மிக்கது. ஆனால் மணமாகவிருக்கும் பெண் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. இம்மாத்திரை உண்ணும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் கருவுற்றால், குழந்தைக்குக் கொடிய ஊனங்கள் நேரக்கூடும். ஆகவே மருத்துவரிடம் மணநாளைச் சொல்லாமல் இம்மாத்திரையைத் தொடங்கலாகாது. பெற்றோர் முன்னிலையில் பெண் இதைப் பேசக் கூசுவாள். தாய்தான் பேச வேண்டும். அடாபலீன் பூச்சையும் கருவுற விரும்பும்போது நிறுத்திவிடுவதே முறை. கறைக்கும் பருவுக்கும் உதவும் அசிலெயிக் அமிலப் பூச்சு கருக்காலத்திலும் தீங்கற்றதாகக் கருதப்படுவதால், இப்பெண்ணுக்கு அது ஏற்றதா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. சந்தனமும் மஞ்சளும் பெரும்பாலோர்க்குத் தீங்கு செய்வதில்லை. பள்ளத்தை நிரப்புவதும் இல்லை. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் சென்றால் தோல் வெந்து கருக்கும். பற்பசை எரிச்சலூட்டும். நெற்றியில் பரு மிகுந்தவர்கள், தலையெண்ணெய் முகத்தில் வழிய விடாதிருப்பது நன்று. கிள்ளுதலும் பிதுக்குதலும் கூடவே கூடாது.

அத்தாய்க்கு இப்பத்து வாரத்தில் நாம் சொல்லக்கூடியது இதுவே. பக்கத்து நகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல்நோய்ப் பிரிவு உண்டு, சங்கிலி தேவைப்படாது. களிம்புக் குழாயையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். களிம்பை விடுவித்து, பருவை அடக்கி, வெயிலுக்குக் குடையும் வெயில்காப்புப் பூச்சுமாகக் கறையை மங்கவிடுவதே மணநாள் வரைக்குமான வேலை. இவற்றால் மட்டுமே முகம் எவ்வளவோ தெளியும். ஊசியோ அமிலமோ லேசரோ, மருத்துவர் தேவையெனக் கண்டால், மணம் முடிந்து சில மாதங்கள் சென்று நிதானமாகச் செய்யலாம். மாப்பிள்ளை பெண்ணை இரண்டு முறை நேரில் பார்த்துப் பேசிச் சம்மதித்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்த்த முகம் இதுவே அன்றோ? முதல் ஓலை வாசிப்பதற்குள் முகத்தை மாற்றியாக வேண்டும் என்ற பதற்றம் யாருடையது என்பதை மட்டும் வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் இன்னொரு வரி. "இளையவனுக்கும் பதினேழு வயது, கன்னமெல்லாம் கட்டி கட்டியாகப் பழுத்திருக்கிறது. ஆண்பிள்ளைதானே, போகப் போகச் சரியாகிவிடும்." சகோதரி, ஆழமான கட்டிப்பருக்களே ஆழமான குழிகளை விடுவன, அவை ஆண்பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் வருகின்றன. மகளுக்கு விழுந்துவிட்ட குழியைக் குறைக்கத்தான் முடியும். மகனுக்கு இன்னும் விழாத குழியைத் தடுக்கவே முடியும். மருத்துவமனையில் புறநோயாளர் சீட்டு எடுக்கும்போது இருவர் பெயரிலும் எடுங்கள்.